கொப்புளத்தின் ஆழம்: மரக்காணம் உப்பளக் கடற்கரையை முன்வைத்து முதியோர் தன்னெதிர்ப்புத் தோல்நோயின் அறிதல் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

முதியோரின் தோலில் பெரிய நீர்க்கொப்புளங்களாக வெளிப்படும் ‘புல்லஸ் பெம்பிகாய்டு’ ஒரு தன்னெதிர்ப்பு நோயாகும். உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் தோலின் பிணைப்புப் புரதங்களையே தாக்குவதால் இது உண்டாகிறது. 1953 வரை இந்நோய் தனிப் பெயரின்றிப் ‘பெம்பிகஸ்’ என்னும் மற்றொரு நோயுடன் சேர்த்தே எண்ணப்பட்டது. தோல் எந்த அடுக்கில் பிரிகிறது என்பது அறியப்பட்ட பின்னரே இரண்டும் வேறு நோய்கள் எனத் தெளிவாயின. ஆயினும் மருந்தின் அளவு இந்தத் தெளிவைப் பின்தொடர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. இவ்வரலாற்றை விவரிக்கும் இக்கட்டுரை, விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளப் பகுதி போன்ற ஓரிடத்தில் நோயைப் பிரித்தறிதல் ஏன் இன்றியமையாதது என்பதை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மரக்காணம், உப்பளம், கொப்புளம், அக்கி, பெம்பிகஸ், பெம்பிகாய்டு, தன்னெதிர்ப்பு, முதியோர் மருத்துவம்.

முன்னுரை

சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரிக்கு வடக்கே ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் மரக்காணம் அமைந்துள்ளது. கழுவேலியின் உவர்நீர்ப் பரப்பும் உப்பளங்களும் இவ்வூரின் நிலவியல்பை வரையறுக்கின்றன. சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும். இங்குள்ள பூமீசுவரர் கோயில் சோழர்காலக் கல்வெட்டுகளைக் கொண்டது. நெய்தல் நிலத்தின் பழைய துறைமுகமாகவும் உப்பு விளையும் களமாகவும் இவ்வூர் வரலாற்றில் இடம்பெறுகிறது.

உப்பளத் தொழில் உடலுழைப்பை முற்றிலும் சார்ந்தது. பாத்தியை மிதித்துச் சீராக்குதல், உவர்நீர் பாய்ச்சுதல், விளைந்த உப்பை வாருதல், சுமந்து அம்பாரமாகக் குவித்தல் ஆகிய அனைத்தும் நிழலற்ற வெளியில் நிகழ்கின்றன. கால்வெடிப்பும் காய்ப்பும் ஆறாத சிறுபுண்ணும் இத்தொழிலாளரின் தோலில் காணப்படும் பொது அடையாளங்கள். எனவே, வயது முதிர்ந்த ஒருவரின் உடலில் அரிப்பும் கொப்புளமும் தோன்றும்போது அவற்றுக்கு உப்பையோ வெயிலையோ காரணமாகக் கூறிவிடுவது இயல்பாகிறது. ஆனால் உப்பளத் தொழிலுக்கும் பெம்பிகாய்டு நோய்க்கும் காரணத் தொடர்பு எதுவும் நிறுவப்படவில்லை. தொழிலால் வரும் புண்ணுக்கும் உடலினுள் எழும் நோய்க்கும் இடையே வேறுபாடு காணப்படாமற் போவதே இங்குள்ள இடர்.

கொப்புளத்துக்கு வழங்கிய பெயர்கள்

தமிழ் மக்கள் வழக்கில் கொப்புளத்திற்குப் பல பெயர்கள் உண்டு. காய்ச்சலுடன் உடல் முழுதும் எழுந்தால் அம்மை. ஓரிடத்தில் கொத்தாகத் தோன்றி எரிந்தால் அக்கி. கோடையில் வந்தால் வேனல் கட்டி அல்லது சூட்டுக் கொப்புளம். இப்பெயர்கள் வெறும் அடையாளச் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு சிகிச்சை முறையையும் உடன்கொண்டுள்ளது. அம்மை எனக் கருதினால் வேப்பிலை, தனிமை, மருந்து தவிர்த்தல். அக்கி எனக் கருதினால் குயவரிடம் சென்று செங்காவியால் ‘அக்கி எழுதுதல்’. சூடு எனக் கருதினால் குளிர்ச்சியான உணவும் எண்ணெய்க் குளியலும் என்னும் முறைகள் வழங்கி வந்தன.

இம்முறைகள் நிலைபெற்றதற்குக் காரணம் உண்டு. அக்கி என மக்கள் வழங்குவது பெரும்பாலும் தீநுண்மியால் வரும் கொப்புள நோயையே சுட்டுகிறது. அந்நோய் சில வாரங்களில் தானே அடங்கும் இயல்புடையது. ஆதலால் செங்காவி பூசிய பின் குணமானவர்கள் அச்சிகிச்சையின் மீது நம்பிக்கை கொண்டனர். அம்மையைப் பற்றிய அச்சமும் வரலாற்று அனுபவத்தில் வேரூன்றியதே. இந்தியாவில் பெரியம்மையின் இறுதி நிகழ்வு 1975இல்தான் பதிவாயிற்று. இன்று அறுபது, எழுபது வயதில் இருப்போர் பெரியம்மைக் காலத்தில் வளர்ந்தவர்கள். உடல் முழுதும் கொப்புளம் எழுந்தால் அவர்களுக்கு முதலில் அம்மை நினைவுக்கு வருவதில் வியப்பில்லை.

பெம்பிகாய்டு இந்தப் பெயர்களுள் எதற்கும் அடங்குவதில்லை. இது பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தோரைப் பற்றுகிறது, தொற்றுவதில்லை, காய்ச்சலுடன் தொடங்குவதில்லை, சில வாரங்களில் அடங்குவதும் இல்லை. கொப்புளம் எழுவதற்குச் சில வாரங்களோ பல மாதங்களோ முன்னரே கடும் அரிப்பு தொடங்கிவிடுகிறது. அந்நிலையில் அது சொறி, படை, முதுமையின் வறட்டுத் தோல் என்றெல்லாம் கருதப்படுகிறது. மேற்பரப்பின் தோற்றத்தைக் கொண்டு பெயரிடும் மரபு இந்நோயைக் காண இயலாதிருந்தது. இக்குறை தமிழ் மரபுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய மருத்துவமும் நெடுங்காலம் இதே நிலையில்தான் இருந்தது.

ஒரு பெயருக்குள் இரு நோய்கள்

‘பெம்பிகஸ்’ என்னும் சொல் கொப்புளத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், 1791இல், ஜெர்மானிய மருத்துவர் விக்மன் நாட்பட்ட கொப்புள நோயை இச்சொல்லால் சுட்டினார். அதன் பின்னர் ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகள் பெரிய கொப்புளங்களுடன் வரும் நாட்பட்ட நோய்கள் பலவும் இவ்வொரு பெயரின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. அவர்களுள் சிலர் சில மாதங்களில் இறந்தனர். சிலர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். ஒரே நோய் ஏன் இவ்வாறு மாறுபட்டு நடக்கிறது என்னும் வினாவுக்கு விடை கிடைக்கவில்லை.

விடை நுண்ணோக்கியின்கீழ் கிடைத்தது. தோல் இரு பெரும் அடுக்குகளால் ஆனது. மேலே இருப்பது மேல்தோல். கீழே இருப்பது உள்தோல். இரண்டுக்கும் இடையே அடித்தளச் சவ்வு என்னும் மெல்லிய இணைப்பு உள்ளது. 1943இல் பாரிசைச் சேர்ந்த அக்கீல் சிவாத், பெம்பிகஸ் நோயில் மேல்தோலின் உயிரணுக்களே ஒன்றையொன்று விட்டுப் பிரிவதை எடுத்துக்காட்டினார். 1953இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பணியாற்றிய வால்டர் லீவர் இதனை அளவுகோலாகக் கொண்டு நோயாளிகளை வகைப்படுத்தினார். ஒரு பிரிவினரிடம் கொப்புளம் மேல்தோலுக்குள்ளேயே அமைந்திருந்தது. மற்றொரு பிரிவினரிடம் உயிரணுப் பிரிவு இல்லை. மேல்தோல் முழுவதும் ஒரே விரிப்பாக உள்தோலிலிருந்து பெயர்ந்து நின்றது. இரண்டாவது பிரிவுக்கு லீவர் ‘புல்லஸ் பெம்பிகாய்டு’ எனப் பெயரிட்டார்.

இவ்வேறுபாடு கண்ணுக்கும் கைக்கும் புலப்படக்கூடியதே. பெம்பிகஸ் கொப்புளத்தின் கூரை மெல்லியது. எளிதில் உடைந்து பச்சைப்புண்ணாகும். வாய்ப்புண் பல வேளைகளில் முதல் அறிகுறியாக அமையும். பெம்பிகாய்டு கொப்புளத்தின் கூரை முழு மேல்தோலாதலால் அது தடித்து, இறுக்கமாக, நாட்கணக்கில் உடையாது நிற்கும். வயிறு, தொடை, கைகால்களின் மடிப்புகள் ஆகியவற்றில் அது மிகுதியாகத் தோன்றும். வாயில் தோன்றுவது குறைவு. ஆயினும் இவ்வேறுபாட்டின் பொருளை அறிவதற்கு அடுக்குகளைப் பற்றிய அறிவு முதலில் தேவைப்பட்டது.

உடல் தன்னையே எதிர்த்தல்

தோல் எந்த இடத்தில் பிரிகிறது என்பது தெரிந்தபின், ஏன் பிரிகிறது என்னும் வினா எஞ்சியது. உடல் தன் உறுப்புகளையே தாக்காது என்னும் கருத்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் எர்லிக்கின் செல்வாக்கால் வலுப்பெற்றிருந்தது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயல் ரோஸும் எர்ன்ஸ்ட் விட்டெப்ஸ்கியும் 1956இல் வெளியிட்ட முயல் ஆய்வு இக்கருத்தை அசைத்தது. முயலின் தைராய்டுச் சுரப்பியை அம்முயலின் நோயெதிர்ப்பு ஆற்றலே தாக்கச் செய்ய இயலும் என்பதை அவ்வாய்வு காட்டிற்று.

அதே பஃபலோவில் எர்ன்ஸ்ட் பாய்ட்னரும் ராபர்ட் ஜோர்டனும் இக்கருத்தைத் தோலுக்குப் பொருத்திப் பார்த்தனர். ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்தும் நோயெதிர்ப்பு ஒளிர்வு முறையில், பெம்பிகஸ் நோயாளிகளின் குருதியில் மேல்தோல் உயிரணுக்களின் இடைவெளியைப் பற்றும் எதிர்ப்பொருள் இருப்பதை 1964இல் கண்டறிந்தனர். 1967இல் பெம்பிகாய்டு நோயாளிகளின் எதிர்ப்பொருள் அடித்தளச் சவ்வின் நெடுகே ஒரே நேர்கோடாக ஒளிர்வது வெளியிடப்பட்டது. லீவர் வடிவத்தால் பிரித்த இரு நோய்கள் இவ்வாறு காரணத்தாலும் வேறெனத் தெளிவாயின. அடுத்துவந்த ஆண்டுகளில் பெம்பிகாய்டின் இலக்குகளாகிய பிபி 180, பிபி 230 என்னும் இரு புரதங்கள் அடையாளம் காணப்பட்டன. மேல்தோலின் அடியுயிரணுக்களைச் சவ்வுடன் பிணைத்து நிறுத்துவன இப்புரதங்களே. இவற்றின் வடிவங்கள் மூளையிலும் உள்ளன. பக்கவாதம், பார்க்கின்சன், மறதிநோய் ஆகியன உடைய முதியோரிடம் பெம்பிகாய்டு கூடுதலாகக் காணப்படுவதற்கு இது ஒரு விளக்கமாகக் கருதப்படுகிறது.

உப்புநீரும் தோல் பிரிப்பும்

அடித்தளச் சவ்வில் ஒளிரும் கோடு பெம்பிகாய்டில் மட்டும் தோன்றுவதன்று. ஏழாம் வகைக் கொலாஜனைத் தாக்கும் மற்றொரு கொப்புள நோயிலும் அதே கோடு தோன்றும். அந்நோய் ஸ்டீராய்டு மருந்துக்கு எளிதில் கட்டுப்படாதது. இவ்விரண்டையும் பிரிப்பதற்கு 1984இல் கேமனும் உடன் ஆய்வாளர்களும் கையாண்ட பொருள் சோடியம் குளோரைடு, அதாவது சாதாரண உப்பு. வெட்டியெடுத்த தோல் துண்டு ஒரு மோலார் செறிவுள்ள உப்புக் கரைசலில் குளிர்நிலையில் இரண்டு, மூன்று நாட்கள் ஊறவைக்கப்படும்போது அடித்தளச் சவ்வின் நடுவே அது பிரிகிறது. பெம்பிகாய்டின் எதிர்ப்பொருள் பிரிந்த தோலின் கூரையில் ஒளிரும். மற்ற நோயின் எதிர்ப்பொருள் தரையில் ஒளிரும்.

ஒரு மோலார் கரைசலில் லிட்டருக்கு ஏறத்தாழ 58 கிராம் உப்பு உள்ளது. கடல்நீரின் உப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். ஆய்வகக் கரைசல் கடல்நீரைவிடச் செறிந்தது. ஆனால் மரக்காணத்துப் பாத்திகளில் உப்பு படியும் நிலையை எட்டிய உவர்நீரைவிடப் பன்மடங்கு நீர்த்தது. செறிந்த உவர்நீரில் நாள்தோறும் நிற்கும் தொழிலாளியின் தோல் அவ்வாறு பிரிவதில்லை; உயிருள்ள தோலின் புறப்படலம் உப்பை உட்புக விடாது தடுக்கிறது. உப்பே கொப்புளத்துக்குக் காரணம் என்னும் எண்ணத்திற்கு எதிரான சான்றுகளுள் இதுவும் ஒன்றாகும்.

உப்புநீருக்கு மற்றொரு பயனும் உண்டு. ஒளிர்வுச் சோதனைக்கான திசுத்துண்டை ஃபார்மலினில் இட்டால் சோதனை பயனற்றுப் போகும். திரவ நைட்ரஜனில் உறைய வைத்து அனுப்பும் வசதி சிற்றூர் மருத்துவமனைகளில் இல்லை. சாதாரண மருத்துவ உப்புநீரில் ஒருநாள் வைத்து அனுப்பிய திசுத்துண்டுகள் திரவ நைட்ரஜனில் அனுப்பியவற்றைவிடத் தெளிவான முடிவைத் தந்ததை 2004இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. எந்தச் சிற்றூர் மருத்துவமனையிலும் கிடைக்கும் பொருளைக் கொண்டே தொலைவிலுள்ள ஆய்வகத்துக்குத் திசுத்துண்டை அனுப்ப இயலும் என்பது இதன் பொருள்.

இந்தியப் பங்களிப்பு

இந்திய மருத்துவமனைகளில் பெம்பிகாய்டைவிடப் பெம்பிகஸே மிகுதியாகக் காணப்படுகிறது. அது நடுவயதினரையும் தாக்குகிறது. ஸ்டீராய்டு மருந்து வருவதற்கு முன்னர் பெம்பிகஸ் பெரும்பாலும் மரணத்திலேயே முடிந்தது. 1950களில் ஸ்டீராய்டு அந்நிலையை மாற்றியது. ஆனால் நாள்தோறும் உயர்ந்த அளவில் நெடுங்காலம் கொடுக்க வேண்டியிருந்ததால் நீரிழிவு, எலும்புத் தேய்வு, நோய்த்தொற்று ஆகியவை நோயாளிகளைப் பற்றின.

இச்சூழலில் புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் ஜே. எஸ். பாஸ்ரிச்சா, ராம்ஜி குப்தாவுடன் இணைந்து 1984இல் துடிப்பு மருத்துவ முறையை வெளியிட்டார். 100 மி.கி. டெக்சாமெத்தசோன் குளுக்கோஸ் நீரில் கலந்து தொடர்ந்து மூன்று நாட்கள் நரம்பு வழி ஏற்றப்படும். அவற்றுள் ஒருநாள் 500 மி.கி. சைக்ளோஃபாஸ்ஃபமைடும் சேர்க்கப்படும். 28 நாட்களுக்கு ஒருமுறை இது திரும்பச் செய்யப்படும். இடைநாட்களில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு 50 மி.கி. மாத்திரை தொடரும். மேலைநாடுகளில் கையாளப்பட்ட விலைமிகுந்த மருந்துக்கு மாற்றாக, எங்கும் மலிவாகக் கிடைக்கும் டெக்சாமெத்தசோனைத் தேர்ந்தது இம்முறை நாடெங்கும் பரவக் காரணமாயிற்று. பெம்பிகஸ் நோயாளிகள் பலர் மருந்தின்றி வாழும் நிலையை அடைந்தனர்.

பெம்பிகாய்டுக்கும் துடிப்பு முறை சில வேளைகளில் கையாளப்பட்டது. ஆயினும் நடுவயதுப் பெம்பிகஸ் நோயாளிக்காக உருவான வலிய சிகிச்சையை எழுபது, எண்பது வயதினருக்கு அவ்வாறே மாற்றுவது ஏற்புடையதா என்னும் வினா எழுகிறது. அதற்கான விடை வேறொரு திசையிலிருந்து வந்தது.

மருந்தின் அளவு

1953இல் இரு நோய்களும் பெயரால் பிரிந்தபோதிலும் மருந்தால் பிரியவில்லை. பெம்பிகஸைக் காத்த உயர் அளவு ஸ்டீராய்டு மாத்திரையே பெம்பிகாய்டுக்கும் அரை நூற்றாண்டுக் காலம் கொடுக்கப்பட்டது. 2002இல் பாஸ்கல் ஜோலி தலைமையிலான பிரெஞ்சு ஆய்வுக்குழு 341 நோயாளிகளிடம் இதனைச் சோதித்தது. ஒரு பிரிவினர் ஸ்டீராய்டு மாத்திரை உண்டனர். மற்றொரு பிரிவினர் குளோபெட்டசால் களிம்பை நாளொன்றுக்கு 40 கிராம் உடலெங்கும் பூசினர். நோய் பரவலாக இருந்தோருள், களிம்பு பூசியவர்களில் 76 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின் உயிருடன் இருந்தனர். மாத்திரை உண்டவர்களில் 58 விழுக்காட்டினரே இருந்தனர். கடும் பக்கவிளைவு முறையே 29, 54 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. கொப்புளத்தைக் கட்டுப்படுத்துவதிலும் களிம்பே முந்தியது.

இம்முடிவின் வரலாற்றுப் பொருள் கடுமையானது. முதியோர் பலரின் இறப்புக்கு நோய் மட்டுமன்றி, மற்றொரு நோய்க்குரிய மருந்தளவும் காரணமாயிருந்தது என்பதை இது உணர்த்திற்று. 2017இல் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் 253 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, டாக்சிசைக்ளின் 200 மி.கி. மாத்திரையை ஸ்டீராய்டு மாத்திரையுடன் ஒப்பிட்டது. ஆறு வாரத்தில் கொப்புளம் கட்டுப்பட்டோர் டாக்சிசைக்ளின் பிரிவில் 74 விழுக்காடு; ஸ்டீராய்டு பிரிவில் 91 விழுக்காடு. ஆனால் ஓராண்டில் மருந்தால் விளைந்த கடும் தீங்கு முறையே 18, 36 விழுக்காடு. சற்றே மெதுவான மருந்து முதியோருக்குப் பாதுகாப்பானதாக அமையலாம் என்பது இதனால் தெளிவாயிற்று. 2025இல் டுபிலுமாப் என்னும் ஊசிமருந்துக்குப் பெம்பிகாய்டு சிகிச்சைக்காக அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அதன் விலை உழைக்கும் மக்களுக்கு எட்டாதது.

மரக்காணம் சூழலில் இவ்வறிவு

மேற்கண்ட முடிவுகளை உப்பளக் கடற்கரைக்குப் பொருத்தும்போது சில தனித்த சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது, டாக்சிசைக்ளின் மலிவானது. ஆனால் வெயில்படும் தோலைச் சிவக்கவும் எரியவும் செய்யும் இயல்புடையது. நிழலற்ற பாத்தியில் உழைப்பவருக்கு அதனைக் கொடுக்கும் மருத்துவர் அவருடைய தொழிலையும் கேட்டறிய வேண்டியவராகிறார். இரண்டாவது, உடலெங்கும் நாள்தோறும் களிம்பு பூசுவதற்கு மற்றொருவர் கை தேவை. தனித்து வாழும் முதியவருக்கு அது எளிதன்று. 2009இல் ஜோலி குழுவினர் களிம்பின் அளவை வெகுவாகக் குறைத்தும் அதே பயனைக் காட்டியிருப்பது இவ்வகையில் துணையாகிறது. மூன்றாவது, காசநோய் பரவலாக உள்ள நாட்டில் ஸ்டீராய்டு மாத்திரை அடங்கியிருந்த தொற்றை எழுப்பக்கூடும்.

நான்காவது சிக்கல் நீரிழிவு தொடர்பானது. ‘கிளிப்டின்’ வகை நீரிழிவு மாத்திரைகளுக்கும், குறிப்பாக வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின் ஆகியவற்றுக்கும், பெம்பிகாய்டுக்கும் இடையே உள்ள தொடர்பு பல நாட்டு ஆய்வுகளில் உறுதிப்பட்டுள்ளது. இந்தியாவில் வில்டாகிளிப்டினின் காப்புரிமை 2019 டிசம்பரில் முடிந்தபின் அதன் விலை வெகுவாகக் குறைந்தது, பயன்பாடு பெருகியது. மாத்திரை தொடங்கிச் சில மாதங்களோ அதற்கு மேலோ கழித்தும் நோய் தோன்றக்கூடுமாதலால் நோயாளி இரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை. மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றும்போது நோய் பல வேளைகளில் தணிகிறது.

நோயறிதலுக்கான நிறுவனங்கள் தொலைவில் இல்லை. பிரெஞ்சு ஆட்சியில் 1823இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளியைத் தன் முன்னோடியாகக் கொண்ட புதுச்சேரி ஜிப்மர் 1964 முதல் அப்பெயரில் இயங்குகிறது. விழுப்புரம் மாவட்டத்து முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் தொடங்கப்பட்டது. நீரிழிவு, குருதி அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்தை இல்லத்துக்கே கொண்டுசெல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டு முதல் தமிழகத்தில் நடைமுறையில் உள்ளது. முதியவரின் வீட்டு வாசலுக்குச் செல்லும் பணியாளர் மாதக்கணக்கான அரிப்பைப் பற்றிக் கேட்பதும், கொப்புளம் கண்டவரை அனுப்பி வைப்பதும் கூடுதல் கருவி எதுவும் வேண்டாதவை. இடைவெளி இருப்பது தொலைவில் அன்று, பெயரில்தான். அக்கி என்றோ சூடு என்றோ உப்புப் புண் என்றோ பெயர் பெற்றுவிட்ட கொப்புளம் மருத்துவமனைக்குச் செல்வதில்லை.

முடிவுரை

புல்லஸ் பெம்பிகாய்டின் வரலாறு மேற்பரப்பிலிருந்து ஆழத்துக்குச் சென்ற அறிதலின் வரலாறு. 1791 முதல் 1953 வரை கொப்புளத்தின் தோற்றமே நோயின் பெயராயிருந்தது. சிவாத், லீவர் ஆகியோர் பிரிவின் இடத்தையும், பாய்ட்னர், ஜோர்டன் ஆகியோர் பிரிவின் காரணத்தையும், உப்புநீர் முறை அதன் நுண்ணிடத்தையும் காட்டின. பாஸ்ரிச்சாவின் துடிப்பு முறை மலிவான மருந்தால் பெம்பிகஸ் நோயாளிகளை மீட்டது. 2002ஆம் ஆண்டின் ஆய்வோ, பெயரைப் பிரித்தது மட்டும் போதாது, மருந்தின் அளவையும் பிரிக்க வேண்டும் என்பதை இறப்புக் கணக்கால் உணர்த்தியது.

தமிழில் கொப்புள நோய்களைச் சுட்டும் மக்கள் வழக்குச் சொற்கள் தத்தம் காலத்தின் அனுபவத்தைத் தாங்கியவை. அவற்றைப் புறந்தள்ளுவதால் பயனில்லை. அவற்றுள் எது எந்த நோயைச் சுட்டியது, எது சுட்டாமல் விட்டது என வரையறுப்பது மருத்துவ வரலாற்றாய்வும் சொல்லாய்வும் இணைந்து செய்யவேண்டிய பணியாகும். மரக்காணத்து உப்பளத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்து முதிர்ந்த ஒருவரின் உடலில் எழும் இறுகிய கொப்புளம் உப்பால் வந்ததன்று, அம்மையும் அன்று, அது பெயருள்ள, மருந்துள்ள நோய் என்னும் அறிவு அவர் வீட்டை அடையும்போதே இந்த நெடிய வரலாறு அவருக்குப் பயன்படுகிறது.